ஸ்டெர்லிங் ஹேடன்: காட்டிக்கொடுத்தவரின் வருத்தத்துக்கு என்ன மதிப்பு?

அரவிந்தன்

நேற்று ராத்திரி 'தி கில்லிங்' திரும்பவும் பார்த்தேன். குப்ரிக் 1956இல் எடுத்த படம். குதிரைப் பந்தய மைதானத்தில் இருபது லட்சம் டாலரைக் கொள்ளையடித்துக்கொண்டு விமான நிலையம் வரைக்கும் வந்துவிடுகிறான் ஜானி க்ளே. பணம் இருப்பது ஒரு பழைய பெட்டியில். அதன் பூட்டு சரியாக விழவே மாட்டேன் என்கிறது. யாரோ ஒரு அம்மாளின் நாய்க்குட்டி குறுக்கே ஓட, சாமான் வண்டி வளைந்து திரும்ப, பெட்டி கீழே விழுந்து திறந்துகொள்கிறது. விமானத்தின் விசிறிக் காற்றில் அத்தனை நோட்டும் பறக்கிறது. ஜானியாக நடிக்கிற ஸ்டெர்லிங் ஹேடன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். கத்தவில்லை, தலையில் கை வைக்கவில்லை. ஓடு என்கிறாள் காதலி. ஓடி என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறார், அவ்வளவுதான்.

அந்த முகத்தை நினைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால அமெரிக்க நடிகர்கள் என்றால் பிராண்டோ, போகார்ட், ஜேம்ஸ் டீன் என்று பேசுவோம். ஹேடனைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒன்றும் நான் படித்ததில்லை. அதனால் இந்த இழை.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1916இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். ஹேடன் என்ற பெயர் அம்மாவின் இரண்டாவது கணவருடையது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். 1940இல் பாரமவுண்ட் நிறுவனம் ஒப்பந்தம் போட்டபோது நடிப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உயரம் 6 அடி 5 அங்குலம், பொன்னிறத் தலைமுடி. திரையுலகிலேயே அழகான ஆண் என்று சொல்லி விளம்பரம் செய்தார்கள். இரண்டு படம் முடித்தார், உடன் நடித்த மேடலின் கரோலைக் கல்யாணம் செய்துகொண்டார், எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போருக்குப் போனார். 1951இல் செய்த ஒரு காரியத்துக்காகக் கடைசி வரை தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். அதைப் பற்றித்தான் பேச ஆசை. ஆனால் கடல் வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், முதலில் அவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய மாலுமி

தம்பி, என்னைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று புரிகிறது. நான் முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். சினிமாக்காரர்கள் கப்பலில் நிற்பதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், இந்த ஆள் ஸ்டுடியோ தொட்டியில் நிற்கிறான் என்று. ஹேடன் அப்படி இல்லை. நிஜமான கப்பல்காரர்.

அவர் போனது இன்ஜின் கப்பலில்கூட இல்லை, பாய்மரத்தில். நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் கிராண்ட் பேங்க்ஸ் என்று ஒரு மீன்பிடிக் கடல். மூடுபனியும் குளிரும் சேர்ந்து ஆளைக் கொல்லும் இடம். அங்கே மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தார். 'யாங்கி' என்ற ஸ்கூனரில், அதாவது பாய்மரக் கப்பலில், மேட்டாக, கேப்டனுக்கு அடுத்த ஆளாக, உலகத்தையே சுற்றி வந்தார். இருபத்திரண்டு வயதில் கிளௌஸ்டர் துறைமுகத்திலிருந்து தாஹிதி வரை ஒரு கப்பலைக் கேப்டனாக ஓட்டிக்கொண்டு போனார். இருபத்திரண்டு வயதில் எனக்கு டெக்கில் பெயின்ட் சுரண்டும் வேலை.

1938இல் அமெரிக்காவின் 'தேபோ'வும் கனடாவின் 'புளூநோஸ்'ஸும் மோதிய மீனவர் பந்தயத்தில் இவர் 'தேபோ'வின் நேவிகேட்டர். அந்தச் சமயத்தில்தான் பத்திரிகைக்காரர்கள் கண்ணில் பட்டார்.

அவருடைய கையைப் பாருங்கள். 'தி கில்லிங்'கில் பணத்தைப் பெட்டியில் அமுக்குகிற இடம். கப்பலின் சரக்கறையில் மூட்டை அடைத்துப் பழகியவன் முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து அழுத்துவான். அவர் அப்படித்தான் அழுத்துகிறார். இதை நடிப்புப் பள்ளியில் சொல்லித்தர மாட்டார்கள்.

நிலா

போரில் என்ன செய்தார்?

அரவிந்தன்

நிலா, அதுவே தனிக்கதை. ஹேடன் என்ற பெயரை மறைத்து, ஜான் ஹாமில்டன் என்ற பெயரில் மரீன் படையில் சேர்ந்தார். அங்கிருந்து ஓ.எஸ்.எஸ்., அதாவது போர்க்கால உளவு அமைப்பு. இத்தாலியின் கிழக்குக் கரையிலிருந்து ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டி, யூகோஸ்லாவியாவில் நாஜிகளை எதிர்த்துப் போராடிய டிட்டோவின் படைக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஆயுதமும் மருந்தும் கொண்டுபோய்ச் சேர்த்தார். சில்வர் ஸ்டார் பதக்கம் கிடைத்தது. டிட்டோ அரசும் ஒரு விருது கொடுத்தது.

செருப்புக்கூட இல்லாமல் மலையில் ஏறிச் சண்டை போட்ட அந்தக் கம்யூனிஸ்டுகள்மேல் அவருக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி 1946இல் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஆறு மாதம்தான் இருந்தார், அதோடு விட்டுவிட்டார். அந்த ஆறு மாதம்தான் பின்னால் வினையாக வந்தது.

செந்தில்வேல்

இழை நல்லபடி போகிறது. ஆனால் அரவிந்தன் மெல்ல நடந்து வருகிற இடத்துக்கு நான் நேராகவே வந்துவிடுகிறேன்.

1951 ஏப்ரல் 10. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு, அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கிறோம் என்று உட்கார்ந்திருந்த குழு. ஹேடன் அங்கே போய் உட்கார்ந்து, கட்சியில் சேர்ந்ததுதான் வாழ்க்கையிலேயே தான் செய்த மகா முட்டாள்தனம் என்றார். அத்தோடு நிற்கவில்லை. தன்னோடு கூட்டங்களுக்கு வந்தவர்களின் பெயரையும் சொன்னார். இயக்குநர் ஏப்ரஹாம் பொலான்ஸ்கி, நடிகை கேரன் மார்லி, இன்னும் சிலர். ஒரு காலத்தில் தன்னோடு நெருக்கமாக இருந்த ஒரு பெண்ணின் பெயரும் அதில் உண்டு.

தமிழில் இதற்கு ஒரே சொல்தான் இருக்கிறது. காட்டிக்கொடுத்தல். கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

பொலான்ஸ்கியும் போரில் ஓ.எஸ்.எஸ். ஆள்தான். 1948இல் 'ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்' எடுத்தார், முதல் படமே அப்படி ஒரு படம். அடுத்த படத்தை அவர் இயக்கியது 1969இல். இருபத்தோரு வருடம்! ஹேடன் வருத்தப்பட்டார், அழுதார் என்று பேசும்போது அந்த இருபத்தோரு வருடத்தை யார் கணக்கில் எழுதுவது?

நிலா

எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பெயர்களெல்லாம் அரசாங்கத்துக்கு முன்பே தெரியாதா? எஃப்.பி.ஐ. கையில் பட்டியல் இருந்திருக்குமே. பிறகு எதற்காக ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார்கள்?

செந்தில்வேல்

மிகச் சரியான கேள்வி. பெரும்பாலான பெயர்கள் அவர்களிடம் இருந்தன. வேண்டியிருந்தது தகவல் இல்லை, மண்டியிடுவது. நான் திருந்திவிட்டேன் என்பதற்கு ஒரே அத்தாட்சி, நண்பனின் பெயரை எல்லோர் முன்னாலும் சொல்வது. சொன்னால் வேலை உண்டு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்கிற ஐந்தாவது சட்டத்திருத்தத்தைக் காட்டி வாய் திறக்க மறுத்தால் ஜெயில் இல்லை, ஆனால் எந்த ஸ்டுடியோவும் படியேற விடாது. 1947இல் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் ஜெயிலுக்கே போனார்கள்.

ஹேடனுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பின்னாக வந்தவர்களைப் பாருங்கள். மார்ச்சில் நடிகர் லாரி பார்க்ஸ். என்னைச் சேற்றில் தவழ விடாதீர்கள் என்று கெஞ்சினார், கடைசியில் மூடிய அறையில் பெயர் சொன்னார், அப்படியும் அவர் தொழில் முடிந்துபோனது. ஏப்ரல் 23இல் நடிகர் ஜான் கார்ஃபீல்ட். யார் பெயரையும் சொல்லவில்லை. அடுத்த வருடம் மே மாதம் மாரடைப்பில் இறந்தார். வயது 39.

அதே மாதம், அதே குழு. ஒருவரால் சொல்லாமல் இருக்க முடிந்தது. அதனால்தான் எனக்கு ஹேடன்மேல் இரக்கம் சுலபமாக வருவதில்லை.

மீனலோசனி

செந்தில் சார் சொல்வது நியாயம். கார்ஃபீல்ட் பெயரை எடுத்ததற்கு நன்றி.

எனக்கு ஹேடன் என்றால் 'ஜானி கிட்டார்'தான். நிக்கோலஸ் ரே, 1954. ஜோன் க்ராஃபோர்ட் அதில் மதுக்கடை நடத்துகிற வியன்னா என்ற பெண். ஊரே திரண்டு அவளைத் தூக்கில் போட வருகிறது. வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு, பின்னால் செம்பாறை தெரிய, தனியாகப் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கூட்டத்தின் கையில் டர்க்கி என்று கொள்ளைக் கூட்டத்துச் சின்னப் பையன் ஒருவன் மாட்டிக்கொள்கிறான். வியன்னாவும் உங்கள் கூட்டம்தான் என்று சொல், உயிரோடு விட்டுவிடுகிறோம் என்கிறார்கள். அவன் வியன்னாவைப் பார்த்து நான் என்ன செய்யட்டும் என்று கேட்கிறான், எனக்குச் சாக இஷ்டமில்லை என்கிறான். உன்னைக் காப்பாற்றிக்கொள் என்கிறாள் அவள். சொல்லிவிடுகிறான். அப்படியும் அவனைத் தூக்கில் போட்டுவிடுகிறார்கள்.

விசாரணைக் குழுவை மனதில் வைத்து எழுதிய காட்சி என்று அன்றிலிருந்தே பலரும் பேசுகிறார்கள். ஹேடன் பெயர் சொல்லி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அந்த அறையில் அவர் இல்லை, கதைப்படி அதற்கு முன்பே போய்விடுகிறார். பிறகு வந்து வியன்னாவின் கழுத்துக் கயிற்றை அறுப்பது அவர்தான். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். படப்பிடிப்பில் அந்தக் கத்தியைக் கையில் வாங்கியபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்!

அரவிந்தன்

மீனா அக்கா, அருமையான இடம்.

செந்தில் சார், நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. அவரும் மறுக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். கொரியப் போர் தொடங்கியதும் பயந்துபோய், வழக்கறிஞர் மூலம் எஃப்.பி.ஐ.க்குத் தானே எழுதிப் போட்டவர் அவர். கட்டாயப்படுத்தி இழுத்து வந்தார்கள் என்ற சாக்குகூடக் கிடையாது. அதை அவர் எங்கேயும் மறைக்கவில்லை.

இயக்குநர் எலியா கசானை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் எட்டுப் பேரின் பெயரைச் சொன்னார். நான் செய்தது சரிதான் என்று 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். சாகிற வரை மன்னிப்புக் கேட்கவில்லை. 1999இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது அரங்கில் பாதிப் பேர் எழுந்து கைதட்ட, சிலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஹேடன் 1963இல் 'வாண்டரர்' என்று தன் வரலாறு எழுதினார். அந்த நாளிலிருந்து என்மேல் எனக்கு எவ்வளவு அருவருப்பு என்று உங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்ற பொருளில் எழுதுகிறார். சாட்சி சொல்லிவிட்டு வந்தவருக்குத் தேசபக்தர் என்று பாராட்டு குவிந்தது. அந்தப் பாராட்டுதான் அவரை அரித்தது. பெயர் சொன்ன அத்தனை பேரில் இப்படித் தன்னைத்தானே பட்டவர்த்தனமாகக் கிழித்துப் போட்டவர் வேறு யாரையும் எனக்குத் தெரியவில்லை.

செந்தில்வேல்

புத்தகம் எழுதினார், சரி. அதற்கு முன்னால் அந்தப் பத்து வருடத்தில் எத்தனை படம் நடித்தார் என்று பாருங்கள். கௌபாய் படம், போர்ப் படம், கப்பல் படம் என்று வரிசையாக. முக்கால்வாசி குப்பை, அவரே அப்படித்தான் சொல்வார். பெயர் சொன்னதற்குக் கிடைத்த கூலி அந்த வாய்ப்புகள். கேரன் மார்லிக்கு அந்தக் குப்பையும் கிடைக்கவில்லை. 1932இல் 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் அந்த அம்மாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எப்பேர்ப்பட்ட நடிகை என்று.

வருத்தப்படுகிறவனுக்கு மனம் லேசாகும். கேரன் மார்லிக்கு அதனால் என்ன கிடைத்தது?

அரவிந்தன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை சார்.

பழைய மாலுமி

அந்தக் குப்பைப் படங்களில் வந்த காசு எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். பாதி ஜீவனாம்சத்துக்கு, மீதி கப்பலுக்கு.

'வாண்டரர்' என்பது முதலில் ஒரு ஸ்கூனரின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது, சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் பைலட் படகாக ஓடியது. பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டுகிற பைலட்டை வெளிக்கடலுக்குக் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. அந்தக் கடல் வாயில் ஓட வேண்டுமானால் உடம்பு கெட்டியாக இருக்க வேண்டும். அவர் வாங்குகிறபோது அதற்கு அறுபது வயதுக்கு மேல்.

1959 ஜனவரியில், விவாகரத்தான மனைவி நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியிருந்தும், நாலு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு தாஹிதிக்குப் புறப்பட்டுவிட்டார். ஸ்டுடியோ ஒப்பந்தம், கடன், கோர்ட்டு எல்லாவற்றையும் கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. போய்ச் சேர்ந்தார், திரும்பியும் வந்தார். நீதிமன்றமும் பெரிதாகத் தண்டிக்கவில்லை.

துறைமுகத்தில் கயிற்றை அவிழ்க்கிற அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கரையில் இருக்கிற எந்தக் கவலையும் கூட வராது என்று தோன்றும். நாலு நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் கப்பலேறித்தான் வந்திருக்கிறது என்று.

மீனலோசனி

மாலுமி ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் குழந்தைகளைப் பெற்ற அம்மாவை யாருமே நினைப்பதில்லை. குழந்தைகள் அவர் பொறுப்பில்தான் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுபது வருடப் பழைய மரக்கப்பலில் பசிபிக் கடலைத் தாண்டப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனால், கரையில் இருக்கிறவள் எப்படித் தூங்குவாள்? பத்திரிகைகள் அவரைத்தானே வீரன் என்று எழுதின. எனக்கு அது வீரமாகத் தெரியவில்லை.

பழைய மாலுமி

இல்லம்மா, கோபமில்லை. என் வீட்டுக்காரியும் இதையேதான் சொன்னாள்.

செந்தில்வேல்

எனக்குப் பிடிக்காத மனிதர் என்றாலும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'டெரர் இன் எ டெக்சாஸ் டவுன்', 1958. இயக்கம் ஜோசப் லூயிஸ். பத்து நாளில் எடுத்த மாதிரி இருக்கும். ஹேடன் ஒரு சுவீடன் நாட்டுத் திமிங்கில வேட்டைக்காரர். டெக்சாஸுக்கு அப்பாவைப் பார்க்க வருகிறார், நிலத்தை அபகரிக்க அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று தெரிந்ததும் கொன்றவனைத் தேடுகிறார். துப்பாக்கிக்காரனுக்கு எதிரே, அப்பாவின் ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்து வருகிறார். ஈட்டி, திமிங்கிலத்தின்மேல் எறிகிற ஈட்டி! இதைவிட விசித்திரமான கௌபாய் சண்டையை நான் பார்த்ததில்லை.

விஷயம் அதுவல்ல. திரைக்கதை வேறொருவர் பெயரில் வந்தது. எழுதியது டால்டன் ட்ரம்போ, ஜெயிலுக்குப் போன அந்தப் பத்துப் பேரில் ஒருவர். எதிரே கறுப்பு உடையில் நிற்கிற துப்பாக்கிக்காரன் நெட்ரிக் யங், அவரும் கரும்பட்டியலில் இருந்தவர். பெயர் சொன்னவரும், சொல்லாமல் வேலையிழந்தவர்களும் ஒரே படத்தில்.

கதையிலும் அதேதான். நிலத்தை விட்டுப் போ, வாயை மூடிக்கொள் என்று மிரட்டுகிறவனுக்கு ஊரே அடங்கிக் கிடக்கிறது. ஒரு மெக்சிகோ விவசாயி மட்டும் பார்த்ததைச் சொல்லத் துணிகிறான். ஹேடனின் அந்தப் படத்தை மட்டும் நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

நிலா

இன்று மதியம் குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' பார்த்தேன், இந்த இழைக்காகவே. ரஷ்யாமேல் அணுகுண்டு போட உத்தரவிடுகிற அந்த ஜெனரல் ஹேடன் என்று தெரியாமலே முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறேன்!

கேமரா அவர் முகவாய்க்குக் கீழே இருக்கிறது. சுருட்டு பெரிதாகத் தெரிகிறது. கம்யூனிஸ்டுகள் குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலந்து நம் உடம்பைக் கெடுக்கிறார்கள் என்று அமைதியாகச் சொல்கிறார். கொஞ்சம்கூடக் குரல் உயர்த்தவில்லை. பக்கத்தில் பீட்டர் செல்லர்ஸ் பதறுகிறார், இவர் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறார். முதல் தடவை சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. கம்யூனிஸ்ட் பயத்தால் நண்பர்களின் பெயரைச் சொன்ன மனிதரே அந்தப் பயத்தால் பைத்தியம் பிடித்தவராக நடிக்கிறார்.

அரவிந்தன்

நிலா, அந்தப் படத்துக்கு முன்னால் அவர் ஐந்தாறு வருடம் கேமரா பக்கமே போகவில்லை. இங்கிலாந்தில் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் முதல் நாள் வசனமே வாயில் வரவில்லை. டேக் மேல் டேக், வியர்த்துக் கொட்டுகிறது. குப்ரிக்கிடம் போய் மன்னிப்புக் கேட்டார். உங்கள் முகத்தில் இருக்கிற இந்தப் பயம் இந்தப் பாத்திரத்துக்கு உதவலாம் என்று குப்ரிக் தேற்றினாராம். ஹேடனே சொன்னது.

பிறகு வந்த படங்களில் இரண்டு. 'காட்ஃபாதர்' எல்லோருக்கும் தெரியும். அல் பசினோவின் தாடையைப் பெயர்க்கிற போலீஸ் கேப்டன், உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே சாகிறவர். இன்னொன்று 1973இல் ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த 'தி லாங் குட்பை'. இந்த இழையைத் தொடங்கியபோதே இதற்குத்தான் வர நினைத்தேன்.

அதில் அவர் ரோஜர் வேட். எழுத்து வராமல் குடித்தே அழிகிற எழுத்தாளர். தாடி, கைத்தடி, இடி மாதிரி குரல். மாலிபு கடற்கரையில் வீடு, வீடு நிறைய விருந்தாளிகள். ஒரு டாக்டர் வருகிறார், ஹென்றி கிப்சன், ஹேடனின் நெஞ்சுக்குக்கூட எட்டாத உயரம். என் பணத்தைக் கொடு என்கிறார். வேட் கத்துகிறார், மறுக்கிறார். அந்தச் சின்ன மனிதர் எல்லோர் முன்னாலும் பளாரென்று ஒரு அறை விடுகிறார்.

ஹேடன் திருப்பி அடிக்கவில்லை. ஒரு கையால் அந்த ஆளைத் தூக்கி வெளியே எறிந்திருக்கலாம். அப்படியே சுருங்கிப்போகிறார். கண்ணில் ஒரு குழந்தையின் திகைப்பு. பிறகு அடங்கி உள்ளே போய்க் காசோலை எழுதுகிறார். அன்று ராத்திரி கைத்தடியோடு கடலுக்குள் நடந்து போய்விடுகிறார். அலையில் கைத்தடியை நாய் கவ்விக்கொண்டு வருகிறது.

ஆறரை அடி உயர மனிதன் ஊர் பார்க்க ஒரு குள்ளமான அதிகாரத்துக்குப் பணிவது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நியாயம் தேடிக்கொள்கிற நடிகர் அந்த இடத்தில் கொஞ்சமாவது முறைத்திருப்பார். அவர் எதையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. பொலான்ஸ்கியின் இருபத்தோரு வருடத்துக்கு இது ஈடா என்றால், இல்லை, செந்தில் சார். ஆனால் அந்த அவமானத்தை அவ்வளவு உண்மையாகத் திரையில் விட்டுவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான் என்று நான் நம்புகிறேன்.

செந்தில்வேல்

'தி லாங் குட்பை' பார்த்து இருபது வருடம் இருக்கும். அந்தக் கன்னத்து அறை மட்டும் நினைவில் இருக்கிறது. இந்த வாரம் மறுபடி பார்க்கிறேன். அபிப்பிராயம் மாறுமா தெரியாது. பார்க்கிறேன்.

மீனலோசனி

கடைசிக் காலம் எப்படி?

அரவிந்தன்

பிரான்சில் ஒரு படகில் கொஞ்ச காலம், குடியோடு. 1983இல் ஜெர்மன்காரர்கள் அந்தப் படகுக்கே போய் ஆவணப்படம் எடுத்தார்கள். அதில் குடியைப் பற்றியும் 1951ஐப் பற்றியும் மறைக்காமல் பேசுகிறார். 1976இல் பெரிய நாவல் ஒன்று, 'வாயேஜ்', கடல் கதைதான். 1986 மே 23 அன்று, சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற சாசலிட்டோவில் புற்றுநோயால் இறந்தார். எழுபது வயது.

பழைய மாலுமி

சாசலிட்டோ என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் 'வாண்டரர்' புத்தகத்தை எழுதியது அங்கேதான், 'பெர்க்லி' என்ற பழைய பயணிகள் படகில். 1898இல் கட்டிய நீராவிப் படகு. ஓக்லாந்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அறுபது வருடம் ஆளேற்றி இறக்கியது. ஓய்வு கொடுத்து சாசலிட்டோவில் கட்டிப் போட்டபோது அதன் சுக்கான் அறையை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்து எழுதினார்.

அந்தப் படகு இப்போது சான் டியேகோ கடல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் கப்பல் பக்கத்துத் துறைமுகத்தில் நின்றபோது ஒருநாள் விடுப்பில் போய் ஏறிப் பார்த்திருக்கிறேன். திருப்பாமலே இரண்டு பக்கமும் ஓடுகிற படகு, அதனால் முன்னும் பின்னும் ஒவ்வொரு சுக்கான் அறை. மேலே ஏறிக் கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஹேடன் விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. எந்தப் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதினார் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.